ஆர்கண்டீஸ் பாடிய அறை

போன வருஷம் வந்த ஒரு கனமான புத்தகத்தில் எங்கள் குழுவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாப் இசையின் தொடக்க காலத்துப் பெண் குழுக்களைப் பற்றிய ஆராய்ச்சி நூல் அது. எழுதியவர் ஒரு பேராசிரியர். நியூவார்க் நகரத்து 'ஆர்கண்டீஸ்', 1963-இல் 'என் தெருவில் நடக்காதே, ஹெர்பர்ட்' என்ற ஒரே பாட்டால் பேர் பெற்றது என்கிறார். அதுவரைக்கும் சரி. அடுத்த வரி: 'பழைய தேவாலயம் ஒன்றின் கூரையிலிருந்து இறங்கி வருவது போன்ற அந்த எதிரொலி எப்படி உண்டாயிற்று என்பதை இன்றுவரை யாரும் விளக்கவில்லை.'

நான் விளக்கினேன். போனில், முக்கால் மணி நேரம். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "மிஸ் டப்ஸ், இந்த வயசிலும் உங்களுக்கு என்ன குறும்பு" என்று சொல்லி, தேவாலயம் என்றே எழுதிக்கொண்டார்.

தேவாலயமும் இல்லை, கூரையும் இல்லை. மிஸ்டர் தேடியஸ் கிரம்ப் நடத்திய சவ அடக்க நிலையத்தின் கீழ்த்தளத்தில், இறந்தவர்களைக் குளிப்பாட்டி, தலைவாரி, பெட்டிக்குத் தயார் செய்கிற அறை அது. தரையிலிருந்து உச்சி வரை வெள்ளை ஓடு பதித்திருந்தது. தும்மினால் மூன்று முறை திரும்பி வரும். கிரம்ப் அங்கே ஒரு மைக்கை வைத்து, மாடியில் ஒரு டேப் இயந்திரத்தை வைத்து, வாசலில் 'கிரம்ப் ராயல் ரெக்கார்ட்ஸ்' என்று இரண்டாவது பலகை மாட்டினார். முதல் பலகையை எடுக்கவில்லை. எந்தத் தொழில் நிலைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கிரம்ப் இறந்தவர்களிடம் காட்டிய மரியாதையை உயிரோடு இருப்பவர்களிடம் காட்டியதில்லை. உயிரோடு இருப்பவர்கள் பதில் பேசினார்கள். எப்போதும் கறுப்பு வால்கோட்டு, வெள்ளைக் கையுறை, யாருடைய துக்கத்துக்கோ தலை சாய்த்த மாதிரி ஒரு கழுத்து. எங்கள் நேபோ மலை பாப்டிஸ்ட் சபையில் டீக்கன் ஹாலிஸின் அடக்க ஆராதனைக்கு வந்தபோதுதான் கொயரில் நாங்கள் மூன்று பேர் பாடியதைக் கேட்டார். முன்னால் நின்று பாடுபவள் லவோனியா பீபிள்ஸ். பாட்டு சோகமாக இல்லாவிட்டாலும் அழுதுவிடுவாள். பின்னால் நானும் எர்னஸ்டீன் காட்ஸ்டனும். எர்னஸ்டீன் அழமாட்டாள். அடுத்தவர்களை அழவைப்பாள்.

குழுவுக்கு ஆர்கண்டீஸ் என்று பேர் வந்ததற்கும் புத்தகம் ஒரு பத்தி செலவழித்திருக்கிறது: இளமை, தூய்மை, மென்மை இத்யாதி. சவப்பெட்டிக்குள் வைத்துத் தைக்க வாங்கிய வெள்ளை ஆர்கண்டித் துணி கிரம்பிடம் இரண்டு சுருள் மிச்சம் இருந்தது. அதில் எங்களுக்குக் கவுன் தைத்தார். கஞ்சி போட்டுத் தேய்த்தால் அந்தக் கவுன் நாங்கள் இல்லாமலேயே நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது, உட்கார்ந்தால் முறியும். அதனால் வெளியூருக்குப் போகும்போது பிண வண்டியின் பின்பக்கம் மூன்று பேரும் வரிசையாக மல்லாந்து படுத்துக்கொண்டு போவோம். வழியில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எங்களுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஹெர்பர்ட் பாட்டு மார்ச்சில் ரேடியோவில் ஏறியது. ஏப்ரலில் அது இல்லாத அழகு நிலையம் நியூவார்க்கில் இல்லை. நம்பாதவர் ஒரே ஒருத்தர். அவர் என் அம்மா.

சிஸ்டர் டப்ஸ் என்றால் சபையில் பாஸ்டருக்கே கொஞ்சம் நடுக்கம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் பதினெட்டு வருஷம் நர்சுகளின் உடுப்பைத் தேய்த்தவர். அந்த உடுப்பில் ஒன்றுக்குள் என்னை நுழைத்துவிடுவது என்று தீர்மானித்து, நர்ஸ் பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கி, வெள்ளை ஷூவும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

"அம்மா, ரேடியோல பாடறது நான்தாம்மா."

"உன் பேரைச் சொன்னானா?"

"ஆர்கண்டீஸ்னு சொன்னாரே."

"ஆர்கண்டினா துணி. நான் துணியைப் பெத்துக்கல."

"பின்னால ஊ ஊனு வருதே, அது நானும் எர்னஸ்டீனும்."

"ஊ ஊனு தெருவுல நாய்கூடத்தான் சொல்லுது. அது கிளாரிஸ் டப்ஸுனு எப்படித் தெரியும்?"

ரெக்கார்டைக் காட்டி நிரூபிக்கவும் வழியில்லை. அந்தக் காலத்தில் சின்ன ரெக்கார்டுகள் வெறும் காகித உறையில் வரும். நடுவில் ஓட்டை, முகமும் கிடையாது, பேரும் கிடையாது. கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னார். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் ஃபிலடெல்ஃபியாவில், லின்டன் தியேட்டரில் எங்களுக்கு நிகழ்ச்சி.

"அங்க மேடையில உன்னை என் கண்ணால பாக்கணும். பாத்தா, நர்ஸ் பள்ளிக்கூடத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்கறேன். பாக்கலைன்னா திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வெள்ளை ஷூவோட கிளம்பற. அப்புறம் ஹெர்பர்ட் நடக்கறானா ஓடறானாங்கற பேச்சே இந்த வீட்ல இருக்கக்கூடாது."

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரை அம்மாவின் வாயை அடைக்க ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும் என்று, மூன்று பேருமாகக் கிரம்பிடம் போனோம். அடுத்த ரெக்கார்டில் எங்கள் பேரையும் சின்ன எழுத்தில் அச்சடிக்கச் சொன்னோம். அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"பெண்களே, என் தொழில்ல பேரைக் கல்லுல மட்டும்தான் போடுவோம். அதுவும் ஆள் அடங்கின பிறகு."

"நாங்க இன்னும் அடங்கலையே சார்" என்றாள் எர்னஸ்டீன்.

"அதான் பாக்கறேன்" என்றார் கிரம்ப்.

அடுத்த வாரம் சொல்லி அனுப்பினார்: ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சி ரத்து, கவுன்களைச் சலவைக்கு என்று நிலையத்தில் கொடுத்துவிட்டுத் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். நாங்களும் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்திலிருந்து அம்மா திரும்பி வந்தபோது, நான் சோபாவில் படுத்துத் தொண்டைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பஸ் பேசியாச்சு. சபையிலேருந்து நாப்பது சிஸ்டருங்க வராங்க. எல்லாரும் புதுத் தொப்பி" என்று ஒரு செய்தித்தாளை என் மடியில் போட்டார். அன்றைய தாள். லின்டன் தியேட்டர், சனி பிற்பகல் இரண்டு மணி, நேரில் காணுங்கள்: ஆர்கண்டீஸ்.

ரத்தான நிகழ்ச்சிக்கு யாரும் விளம்பரம் கொடுக்கமாட்டார்கள். கிரம்ப் எங்களை ரத்து செய்திருக்கிறார், நிகழ்ச்சியை அல்ல. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பஸ் நின்றுவிடும், ஷூ கிளம்பிவிடும். மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தோம், உட்கார்ந்துகொண்டே.

லின்டன் தியேட்டரின் மேடை நிர்வாகி மிஸ்டர் ஆல்ஃபான்ஸ் ரட். அணைந்துபோன சுருட்டைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவில் நின்றிருந்தார்.

"சார், நாங்கதான் ஆர்கண்டீஸ்" என்றேன்.

"ஆர்கண்டீஸ் மேல தலை வாரிட்டிருக்காங்க."

"அது வேற யாரோ. நாங்கதான் ஒரிஜினல்."

"கண்ணு, இந்த வருஷம் ஒரிஜினல்னு சொல்லிட்டு இந்தக் கதவுக்கு வந்ததுல உங்களோட பன்னண்டு பொண்ணுங்க. மூணு மூணா நாலு குழு. எல்லாரும் அழுதாங்க. அதோ, உங்கள்ல ஒண்ணும் ஆரம்பிச்சாச்சு."

லவோனியா ஆரம்பித்திருந்தாள்.

அப்போது மாடிப்படியில் மொறமொறவென்று சத்தம். என் கவுன் இறங்கி வந்தது. இடுப்பில் செர்ரிச் சாற்றுக் கறை; அட்லாண்டிக் சிட்டியில் நான் சிந்தியது. அதற்குள் பதினாறு வயசில் ஒரு ஒல்லிப் பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் மிச்ச இரண்டு கவுன்கள், அவற்றிலும் இரண்டு பெண்கள்.

"நீ யாருடீ?" என்றாள் எர்னஸ்டீன்.

"பெர்னடீன். ட்ரென்டன்" என்றாள் அந்தப் பெண். எங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு எங்க மாமாவைப் பொதைக்க வந்தாரு. அடக்கத்துல நாங்க பாடினதைக் கேட்டுட்டு, நீங்கதான் இனிமே ஆர்கண்டீஸ்னாரு. மூணு நாளா ரெக்கார்டைப் போட்டுப் போட்டுப் பாக்கறோம், அந்த மாதிரி வரவே மாட்டேங்குது."

"வரல, காலைல கேட்டேன்" என்றார் ரட். "மழையில நனைஞ்ச மூணு பூனை."

"அப்ப எங்களை ஏத்துங்க" என்றேன்.

"ஆர்கண்டீஸ்ங்கற பேரு கிரம்போட சொத்து. அவரு யாரைக் காட்டி ஆர்கண்டீஸ்னு சொல்றாரோ, அவங்கதான் ஆர்கண்டீஸ். மூணு ஆட்டுக்குட்டியைக் காட்டினாலும் நான் ஏத்தித்தான் ஆகணும், கையெழுத்துப் போட்டிருக்கேன். சரி, பாடுங்க பாப்பம். ஒரு ஆசைக்குக் கேக்கறேன்."

அந்த நடைபாதையில் நின்று பாடினோம். மரச் சுவர், பழைய கம்பளம், குவித்து வைத்த திரைத்துணி. பாட்டு வாயிலிருந்து கிளம்பி நேராகக் கம்பளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பஸ்ஸில் வந்த மூன்று பெண்கள் பாடுகிற மாதிரியே இருந்தது.

ரட் சுருட்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார். "உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பொண்ணுங்களுக்கும் உங்களுக்கும் ஒரே வித்தியாசம், அவங்ககிட்ட கவுன் இருக்கு."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிமிஷம்வரை, ரெக்கார்டில் கேட்பது என் குரல் என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எர்னஸ்டீன் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கம்பளத்தைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இங்க லேடீஸ் ரூம் எங்க?"

"அழறதுக்கா?"

"சும்மா காட்டுங்க சார்."

அரங்கத்தின் இடது பக்க வழியில், மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நகரம் செழிப்பாக இருந்த நாளில் கட்டிய தியேட்டர் அது. இருக்கைகள் கிழிந்திருந்தன, கழிவறை மட்டும் அரண்மனை. எட்டுக் கதவு, பளிங்குத் தொட்டி, தரையிலிருந்து உச்சி வரை வெள்ளை ஓடு. எர்னஸ்டீன் உள்ளே போய் ஒரே ஒரு முறை கை தட்டினாள். தட்டல் மூன்று முறை திரும்பி வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

ரட் கண்ணியமான மனிதர். கதவுக்கு வெளியே அரங்கத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நாங்கள் பாடினோம். 'என் தெருவில் நடக்காதே, ஹெர்பர்ட்' என்று லவோனியா எடுத்தாள், குரலில் ஏற்கெனவே இருந்த அழுகையோடு. எர்னஸ்டீனும் நானும் ஊ என்றோம். ஓடுகள் எல்லாம் சேர்ந்து ஊ என்றன. அது ரேடியோ. அது அழகு நிலையங்கள். அது கிரம்பின் கீழ்த்தளம்.

முடித்தபோது வெளியே ரட்டின் சுருட்டு தரையில் கிடந்தது. திரும்பி நிற்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

அப்போது ஐந்தாவது கதவின் தாழ்ப்பாள் விலகியது. முதலில் ஒரு ஊதாத் தொப்பி வந்தது, மேலே இரண்டு மெழுகுப் பேரிக்காய். கீழே என் அம்மா.

"ரெண்டாவது அடியில நீ கொஞ்சம் தாழ்ந்துட்ட, கிளாரிஸ்" என்றார். நிதானமாகக் கை கழுவினார். "பஸ்காரன் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுட்டான். சரி, குரல் உன்னுதுதான். அதை நான் ஒத்துக்கறேன். ஆனா நாப்பது பேரைக் கூட்டிட்டு நான் கக்கூஸ் பாக்க வரல. மேடையில எப்ப ஏறப்போற?"

நான் ரட்டைப் பார்த்தேன். ரட் கூரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை பூக்கத் தொடங்கியிருந்தது. வியாபாரிகளின் முகத்தில் இதைப் பார்த்தால் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது என்று இப்போது எனக்குத் தெரியும்.

"மைக் கம்பி இங்க வரைக்கும் எட்டும்" என்றார். "கதவை ஒரு கையளவு திறந்து வெச்சா பேண்டு சத்தம் உங்களுக்குக் கேக்கும். கிரம்ப் காட்டின பொண்ணுங்க மேடையில நின்னு வாயசைக்கட்டும். நீங்க இங்கேருந்து பாடுங்க. மேடையில சட்டம், இங்க சங்கீதம். எல்லாருக்கும் நல்லது."

"எனக்கு இல்ல சார். எங்கம்மா மேடையில என்னைப் பாக்கணும்" என்றேன்.

"நாலாயிரம் காது இன்னைக்கு ஹெர்பர்ட்டைக் கேக்க வருது. உங்கம்மாவுக்கு இருக்கறது ரெண்டு கண்ணு."

"ரெண்டும் நல்லா தெரியுது" என்றார் அம்மா. "கிளாரிஸ், ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உன் இஷ்டம். நான் சொன்ன சொல் சொன்னதுதான். மேடையில பாத்தாத்தான் கணக்கு."

லவோனியா அழுதாள். எர்னஸ்டீன் என் காதில் சொன்னாள்: "பாடாம திரும்பினா ஷூ நிச்சயம். பாடினா, ஷூ போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாடின மாதிரியாவது இருக்கும்." இதைவிடத் தெளிவான வாதத்தை நான் கேட்டதில்லை. ஒத்துக்கொண்டேன்.

அம்மா தன் இருக்கைக்குப் போகவில்லை. வெளியிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவரச் செய்து, தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு ஆம்பளை கம்பி இழுத்துவிட்ட ரூம்ல மூணு பொண்ணுங்களைத் தனியா விடமுடியாது."

இரண்டு மணிக்குத் திரை தூக்கினார்கள். கிரம்ப் கடைசி நிமிஷத்தில் வந்து முன் வரிசையில் வால்கோட்டை ஒதுக்கி உட்கார்ந்தார் என்று பிறகு சொன்னார்கள். பெண்கள் கழிவறைப் பக்கம் அவர் வர நியாயமில்லை. ரட்டும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெர்னடீனும் மற்ற இருவரும் மேடையில் நின்றார்கள், பிணத்துக்குப் பின்னால் நடக்கிற நடையில் இரண்டு அடி இடம், இரண்டு அடி வலம். அதைத்தான் கிரம்ப் நடனம் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

நாங்கள் கழிவறையில் பாடினோம்.

கதவுக்கு வெளியே வேறொரு பிரச்சினை சேர்ந்துகொண்டிருந்தது. நியூவார்க்கிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த சிஸ்டர்கள், புதுத் தொப்பிகளோடு வரிசையில் நின்றார்கள். பாட்டு முடிகிறவரை உள்ளே யாரும் வரக்கூடாது என்று ரட் ஆள் போட்டிருந்தார். ஊ என்று நான் இழுக்கும்போதெல்லாம் கதவின் இடுக்கில் ஒரு தொப்பி தெரிந்து மறைந்தது, வேதனையோடு.

பாட்டு முடிந்தது. அரங்கம் இடிந்து விழுவது போல் கைத்தட்டல். எங்களுக்கு அது அடுத்த வீட்டில் நடக்கிற கல்யாணம் மாதிரி கேட்டது. அம்மா எழுந்து, முழங்கையால் ஆளை ஒதுக்கிக் கதவை முழுசாகத் திறந்து, "வாங்க சிஸ்டர்ஸ்" என்றார். முதல் எட்டுப் பேர் எட்டுக் கதவுக்குள் போனார்கள்.

மைக்கை அணைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ரட் கைத்தட்டலைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார்.

அங்கே மேடையில் கிரம்ப் ஏறிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, அவர் துக்க வீட்டுக்கும் கூப்பிடாமலேயே போகிறவர். கழுத்தைச் சாய்த்து, கையை மார்பில் வைத்து வணங்கினார். உண்மையில் அவருக்கே ஆச்சரியம். மூன்று நாளில் பயிற்சி கொடுத்த பெண்கள் ரெக்கார்டைப் போலவே பாடிவிட்டார்கள். அந்த ஆச்சரியத்தை அவர் தன் திறமையின் பக்கத்தில் வரவு வைத்துக்கொண்டார்.

"சீமான்களே, சீமாட்டிகளே" என்று தொடங்கியது கதவு வழியாக எங்களுக்கும் கேட்டது. "நீங்கள் இப்போது கேட்ட அந்த தெய்வீக ஒலி, பாடகிகளின் ஒலி அல்ல. பாடகிகள் வருவார்கள், போவார்கள். அது தேடியஸ் கிரம்பின் ஒலி. அதன் ரகசியம் என்னோடு கல்லறைக்கு வரும்."

"யாரு பேசறது?" என்றார் அம்மா, தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு. மைக் அவர் தொப்பியின் பேரிக்காய்க்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "டீக்கன் ஹாலிஸை வேற யாரோட பேன்ட்டுலயோ பொதைச்சானே, அந்த ஆளா?"

இது அரங்கத்தின் இரண்டு பக்கத்து ஒலிபெருக்கியிலும், தெய்வீகமான எதிரொலியோடு, மும்முறை கேட்டது.

"அவனேதான் சிஸ்டர் டப்ஸ்" என்றது மூன்றாவது கதவு. "கால்ல பாதிதான் வந்துச்சு. பூவை வெச்சு மூடினான்."

"பாடினது எங்க கிளாரிஸும் இந்த ரெண்டு பொண்ணும். இந்தக் கக்கூஸ்ல நின்னு தொண்டை வறளப் பாடுச்சுங்க. அங்க நிக்கறதுங்க ட்ரென்டன்லேருந்து வந்த புள்ளைங்க, பாவம், வாயைத்தான் அசைச்சுதுங்க. இவன் எதுக்குக் கும்பிடறான்?"

மேடையில் கிரம்ப் கையை உயர்த்தினார். "ஒரு சின்னக் கோளாறு. அமைதி காக்கவும். அந்த ஒலியின் ஆழத்தை நீங்கள் மௌனத்தில்தான்..."

முதல் கதவுக்குள் ஃப்ளஷ் சங்கிலியை இழுத்தார்கள். பிறகு இரண்டாவது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எட்டும். தண்ணீர்ச் சத்தம் வெள்ளை ஓட்டில் புரண்டு, பளிங்கில் மோதி, கம்பி வழியாக ஏறி, லின்டன் தியேட்டரின் மேல் கொட்டியது. ஒரு நிமிஷத்துக்கு மேல் நீடித்தது என்று அன்று இருந்தவர்கள் சொல்வார்கள். கிரம்ப் வாயைத் திறந்து மூடியது மட்டும் தெரிந்ததாம், பெர்னடீனைப் போலவே.

தண்ணீர் ஓய்ந்ததும் அவர் சொன்னதை மட்டும் நான் மரியாதையோடு நினைக்கிறேன். "என் அடுத்த ரெக்கார்டின் ஒலியை இப்போது முன்கூட்டியே கேட்டீர்கள்" என்றார்.

ஆனால் அதற்குள் பால்கனி சிரித்துச் சரிந்துகொண்டிருந்தது. "கக்கூஸை மேடைக்குக் கொண்டா" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தாளத்தோடு கத்தினார்கள். ரட் ஓடி வந்தார். கையெழுத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

"ஏறுங்க, ஏறுங்க. ஆனா ஆர்கண்டீஸ்னு சொல்ல முடியாது, கேஸ் போடுவான். என்னனு சொல்லட்டும்?"

எர்னஸ்டீன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "எங்களுக்கு அப்பா அம்மா வெச்ச பேரு இருக்கு சார்."

அப்படித்தான் எங்கள் பேரை முதல் முதலாக ஒருத்தர் மைக்கில் சொன்னார். லவோனியா பீபிள்ஸ், எர்னஸ்டீன் காட்ஸ்டன், கிளாரிஸ் டப்ஸ். கல்லில் இல்லை, ஆள் அடங்குவதற்கும் முன்னால். பஸ்ஸில் கசங்கிய பாவாடையோடு ஏறினோம். பெர்னடீன் நிம்மதியோடு நகர்ந்து, தன் கையுறையைக் கழற்றி எனக்குக் கொடுத்தாள். ஒன்றுதான் வந்தது, மற்றது விரலில் சிக்கிக்கொண்டது.

பாடினோம். மரத் தரை, வெல்வெட் திரை. வந்தது வெறும் குரல்தான்: பயந்துபோன மூன்று பெண்கள், ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி இரண்டாவது அடியில் கொஞ்சம் தாழ்கிறாள். கைத்தட்டினார்கள், நல்ல மனுஷர்கள். பால்கனியில் அதே ஆள், "உள்ளயே நல்லா இருந்துச்சும்மா" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இடது பக்க வழியின் நடுவில், ஊதாத் தொப்பியோடு, கைப்பையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள். அவர் நகரவில்லை. பாட்டு முழுக்க, கண்ணைச் சிமிட்டாமல், துணியில் கறை தேடுகிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது சபை பஸ்ஸில் எங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ட்ரென்டன் வழியாகப் போனதால் பெர்னடீனும் மற்ற இருவரும் கவுன் முறியாமல் நடுவில் நின்றுகொண்டு வந்தார்கள். வறுத்த கோழி கை மாறியது. பாதி தூரம்வரை அம்மா ஒரு கோழிக் காலைத் தின்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பாத்தேன்."

"ம்."

"மேடையில பாத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஒரு வருஷம்." கோழி எலும்பைக் காகிதத்தில் சுற்றினார். "ஆனா நீ மேடையில பாடறதைவிட அங்க பாடினதுதான் எனக்குப் பிடிச்சுது. அதனால நானும் வரேன். கதவுல யாராவது நிக்கணும்."

அந்த ஒரு வருஷம் நாங்கள் எங்கள் சொந்தப் பேரில் ஊர் ஊராகப் போனோம். அந்தப் பேர் யாருக்கும் தெரியாததால் கூட்டம் குறைவு. கிரம்ப் இன்னும் மூன்று செட் ஆர்கண்டீஸ் தயாரித்தார்; ஒரு செட்டில் பெண்களின் வயசு நாற்பதுக்கு மேல் என்று கேள்வி. எந்தத் தியேட்டருக்குப் போனாலும் எர்னஸ்டீன் முதலில் கேட்பது லேடீஸ் ரூம் எங்கே என்றுதான். அம்மா நாற்காலியோடு தயாராக இருப்பார், பாட்டு முடிந்ததும் மைக்கைத் தன் கையாலேயே அணைப்பார். கிளீவ்லாந்து, பஃபலோ, டிட்ராய்ட், எங்கும் அந்த ஒலிக்கு மயங்காதவர் இல்லை.

வாஷிங்டனுக்குத் தெற்கே எங்கள் பாட்டு எடுபடவில்லை. பேராசிரியர் இதையும் கவனித்து எழுதியிருக்கிறார். தென் மாநில ரசிகர்களின் செவி வேறு விதமான இசைக்குப் பழகியது காரணமாக இருக்கலாம் என்கிறார். அங்கே ஓடு பதித்த அறைகளின் கதவில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. எங்களைப் போன்ற கறுப்பருக்குக் காட்டிய இடம் கொல்லைப்புறத்தில், பலகைச் சுவரோடு, தகரக் கூரையோடு இருந்தது. அதற்குள் நின்று எப்படிப் பாடினாலும் ஹெர்பர்ட் நடக்கவில்லை. இதையும் போனில் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

வருஷம் முடிந்த திங்கட்கிழமை, ஏழு மணிக்கு, நானாகவே கட்டிலுக்கு அடியிலிருந்து வெள்ளை ஷூவை எடுத்தேன். கடித்தது, கால் வளர்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். அறுவைச் சிகிச்சைப் பிரிவில். தரையிலிருந்து உச்சி வரை ஓடு. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் பயந்துபோய்க் கிடப்பவர்களுக்கு ஹெர்பர்ட் பாட்டை இரண்டு அடி பாடிக் காட்டுவேன். எல்லாரும் ஒரே மாதிரி கண்ணை விரித்து, "இது ரேடியோவுல வந்த மாதிரியே இருக்கே" என்பார்கள்.

புத்தகத்தில் போட்டிருக்கிற படம் எங்களுடையது அல்ல, பெர்னடீனும் மற்ற இருவரும். அதற்கு நான் திருத்தம் எழுதி அனுப்பவில்லை. பெர்னடீன் இடுப்புக் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். என் கவுன் என்னைவிட அவளுக்குத்தான் பொருந்தியிருக்கிறது.